ஆவி விலகின பிறகு பையன்கிட்ட என்ன மிச்சம் இருக்கும்? (தோட்டத்து ஃபேண்டசி, எழுத்து உதவி)

மங்குதுடைச்சான் | #1

இளையோர் நாவல் ஒண்ணு பாதி வந்திருக்கு. களம் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு கற்பனை ரப்பர் தோட்டம், வருஷம் 1978. பையன் பேரு சேது, வயசு 12, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில ஆறாம் வகுப்பு. அவன் உடம்புல 41 நாள் ஒரு ஆவி இருந்தது. ஆவி யாருன்னா மாரிமுத்து. அதே தோட்டத்துப் பால்வெட்டுக்காரர், ஜப்பான்காரன் காலத்துல சயாம் (தாய்லாந்து)-பர்மா ரயில் பாதை போடுற வேலைக்குப் பிடிச்சுட்டுப் போய் 1943ல முகாம்லயே செத்தவர். முனீஸ்வரன் கோயில்ல அவரை விலக்கியாச்சு. கதை அதுக்கு மறுநாள் விடியக்காலையில தொடங்குது.

கண்ணு கருப்பாகுறது, தூக்கத்துல அலறுறது, கோபம் வந்தா பாத்திரம் பறக்குறது இதெல்லாம் வேண்டாம். ஆவிகள் இருக்குன்னு தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைப் பொளக்க மாட்டாங்க. இதுதான் கதை உலகத்து விதி. இந்த உலகத்துல ஒரு சின்னப் பையன் உடம்புல, வீட்டுல, லயத்துல (தொழிலாளிங்க வரிசை வீடு) என்னென்ன தங்கும்? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெள்ளிமணி | #2

முதலில் எந்த வகை ஞாபகம் தங்குகிறது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

நடந்ததைச் சொல்லும் ஞாபகம் வேறு, கை பழகிய ஞாபகம் வேறு. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல் மூளையில் அறுவை செய்தார்கள். அதன்பின் புதிதாக எதுவும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தைக் கோடு பிசகாமல் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் அதை முதன்முறையாகப் பார்ப்பதாகவே அவர் நினைத்தார். கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது.

சேதுவுக்கும் இதையே வையுங்கள். மாரிமுத்துவின் வாழ்க்கைக் காட்சி ஒன்றுகூட அவனுக்கு நினைவில்லை, அந்த 41 நாளும் நினைவில்லை. ஆனால் கையும் காலும் நாக்கும் மாரிமுத்துவிடம் பழகியவை. பழைய காட்சிகள் கனவில் திரைப்படம்போல ஓடுவதாக எழுதினால் ஆவி போனதற்கே அர்த்தமில்லை. அது வேறு வடிவில் இன்னும் உள்ளே இருக்கிறது என்றாகிவிடும்.

பிரட்டுக்களம் | #3

வெள்ளிமணி டீச்சர் சொன்னதுக்கு மேல வரலாறு கொஞ்சம். மாரிமுத்து உடம்புல என்ன பழக்கம் ஏறியிருக்கும்னு பார்த்தாத்தான் சேது உடம்புல என்ன தங்கும்னு தெரியும்.

அந்த ரயில் பாதை தாய்லாந்து பான் பொங்ல இருந்து பர்மா தன்பியூசயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர். 1943 அக்டோபர்ல பாதை ரெண்டு பக்கமும் சேர்ந்துடுச்சு. அந்த வருஷ மழைக்காலத்துல முகாம்கள்ல காலரா வாரிக்கிட்டுப் போச்சு. போர்க்கைதிகளை விட ஆசியத் தொழிலாளிங்கதான் அதிகம் செத்தாங்க, அவங்களுக்கு மருத்துவரும் இல்ல, மருந்தும் இல்ல. மலாயாத் தோட்டங்கள்ல இருந்து போன தமிழங்க அதுல பெரும்பங்கு.

இதுல இருந்து மூணு பழக்கம்:

தண்ணி. கொதிக்காத தண்ணியை சேது தொண்டைக்குள்ள இறக்க மாட்டான். வாய் வரைக்கும் கொண்டு போவான், தொண்டை மூடிக்கும். பள்ளிக்கூடத்துக் குழாய்த் தண்ணி, மாரியம்மன் கோயில் தீர்த்தம், பந்தல்ல கலக்குற நீர்மோர் எதுவும் உள்ள போகாது. கோயில்ல தீர்த்தம் வாங்காத பையனை ஊர் எப்படிப் பார்க்கும்னு நினைச்சுப் பாருங்க, "இன்னும் முழுசா போகலடி"ம்பாங்க. உண்மையில அவனுக்கு உள்ள இருக்கிறது காலரா பயம்.

மூங்கில். அங்க முழங்காலுக்குக் கீழ மூங்கில் ஒரு கீறு கீறினாப் போதும், புண்ணு அழுகி எலும்பு தெரியும், காலையே எடுக்கவேண்டி வரும். அதனால சேது மூங்கில் வேலியைக் கண்டா ஒரு முழம் தள்ளித்தான் நடப்பான். ஏன்னு கேட்டா தெரியாது.

நேரம். இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஜப்பான்காரன் பிடிச்ச இடமெல்லாம் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு மாத்தினான். 1978ல தீபகற்ப மலேசியா நேரம் அதுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால. (இப்ப இருக்கிற நேரம் 1982 ஜனவரி 1ல வந்தது, அதுக்கு முன்னாடி அரை மணி குறைச்சல். இப்பத்திய விடியல் நேரத்தைப் பார்த்து எழுதிடாதீங்க.) கடிகாரம் பார்க்காம "மணி என்னடா"ன்னு கேட்டா சேது டக்குன்னு சொல்வான், எப்பவும் ஒன்றரை மணி கூடவே இருக்கும். தப்பாச் சொல்றான்னு எல்லாரும் சிரிப்பாங்க. அந்த வித்தியாசம் ஒருநாளும் மாறலைங்கறதை ஒரே ஒருத்தர் கவனிக்கிறார்னு வச்சுக்குங்க. அது கணக்கு வாத்தியாரா இருக்கட்டும்.

ரயில் ஊதுற சத்தத்துல நடுங்குறான்னு எழுதப் போறீங்கன்னா, 70கள் கடைசியில அங்க ஓடினது டீசல் இஞ்சின். மாரிமுத்து காதுக்குப் பழகினது நீராவி. டீசல் ஹார்ன் அவனை ஒண்ணும் செய்யாது. தண்டவாளத்துக் கட்டைக்கு அடியில ஜல்லி கொட்டுற சத்தம் செய்யும்.

கோப்பிக்கடை | #4

கணக்கு வாத்தியார் நல்ல பிடி லா.

உடுக்கை | #5

ஆவியை எப்படி விலக்குனாங்கன்னு முதல்ல எழுதி வச்சுக்குங்க அண்ணே, நாவல்ல வராட்டியும் பரவாயில்ல. மிச்சத்துல பாதி அந்தச் சடங்குல இருந்துதான் வரும்.

வழக்கமான வரிசை: உடுக்கை அடிச்சு வந்திருக்கிறது யாருன்னு பேரு சொல்ல வைக்கணும். எந்த ஊரு, எப்படிச் சாவு, என்ன வேணும்னு கேட்கணும். கேட்டதைக் கொடுக்கணும், இல்லைன்னா பேரம் பேசணும். "இனி வரமாட்டேன்"னு கற்பூரத்துல அடிச்சு சத்தியம் வாங்கணும். கடைசியா உச்சி மயிர்ல ஒரு கத்தை எடுத்து மரத்துல ஆணி வச்சு அறையணும். புளிய மரம்தான் பேர்போனது. பால் மரத்துல அறையிறதா எழுதிடாதீங்க, அது கம்பெனி மரம், மறுநாளே கங்காணி வந்து நிப்பாரு.

இப்ப மிச்சத்துக்கு வாங்க. உச்சியில ஒரு வெள்ளிக்காசு அளவுக்கு முடி இல்ல. மாசத்துக்கு முடி ஏறக்குறைய 1 செண்டிமீட்டர் வளரும். அப்ப மூணு நாலு மாசத்துக்கு அந்தக் குட்டை முடி நட்டுக்கிட்டு நிக்கும், எண்ணெய் வச்சாலும் படியாது. அவனைப் பார்க்கிற ஒவ்வொருத்தர் கண்ணும் முதல்ல அங்கதான் போகும், அப்புறம்தான் முகத்துக்கு வரும். இடுப்புக் கருப்புக் கயிறு, கழுத்துத் தாயத்து எல்லாம் சட்டைக்குள்ள மறைஞ்சுடும். இது மறையாது.

பெருசு இன்னொண்ணு இருக்கு. "யாரு நீ, எப்படிச் செத்தே"ன்னு கேட்டப்ப மாரிமுத்து சேதுவோட வாயால பதில் சொல்லியிருக்காரு. அதுக்கு முந்தி அவர் செத்தார்ங்கிறது யாருக்காவது உறுதியாத் தெரியுமா? சயாமுக்குப் போனவங்க விஷயத்துல பல வீட்டுக்குத் தகவலே வரல. மாரிமுத்து போனப்ப அவர் சம்சாரத்துக்கு 22 வயசுன்னா 1978ல 57. அதே லயத்துல இருக்காங்கன்னு வைங்க. 35 வருஷமா தாலியைக் கழட்டாம, பொட்டை அழிக்காம இருந்திருக்காங்க. ஒரு சனிக்கிழமை ராத்திரி 12 வயசுப் பையன் வாயில இருந்து வந்த சொல்லால அவங்க விதவை ஆயிட்டாங்க.

நாவல் இங்கதான் இருக்குன்னு எனக்குத் தோணுது.

மங்குதுடைச்சான் | #6

உடுக்கை அண்ணே, உட்கார வச்சுட்டீங்க. அந்த அம்மாவுக்கு மீனாட்சின்னு பேரு வச்சுட்டேன். சேதுவோட அம்மாவும் அவங்களும் ஒரே லயம், நடுவுல ரெண்டு வீடு.

ஆனா ஒரு சந்தேகம். அந்த அம்மா அவனை வெறுப்பாங்களா, அண்டுவாங்களா?

உடுக்கை | #7

அண்டுவாங்க. அதுதான் அவனுக்கு ஆபத்து.

வெறுத்தா பையன் ஒதுங்கிப் போயிடுவான், கதை முடிஞ்சுது. இவங்க சோறு கொண்டு வருவாங்க. கருவாட்டுக் குழம்பு, மரவள்ளிக்கிழங்கு அவியல், மாரிமுத்துக்குப் பிடிச்சது எல்லாம் வரும். சேது முன்னாடி தட்டை வச்சுட்டு அவன் எந்தக் கையால பிசையிறான், முதல்ல எதைத் தொடுறான்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க. "சாப்பிடு தம்பி"ன்னு ஆரம்பிச்சு, பேச்சு போற போக்குல "போதுங்களா"ன்னு முடிப்பாங்க. அந்த 'ங்க' பையன் காதுல விழணும். சேதுவோட அம்மா காதுலயும் விழணும்.

இதுக்கு அம்மா என்ன செய்வாங்க? பெரிய மனுஷியை வாசல்ல நிக்க வச்சுப் பேச முடியாது. தட்டை மட்டும் கழுவித் திருப்பி அனுப்புவாங்க. வெறும் தட்டைத் திருப்பக் கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது வைக்கணும்ங்கிறது வழக்கம். அவங்க வெறும் தட்டா அனுப்புவாங்க. அவ்வளவு போதும், சண்டைக் காட்சி வேண்டாம்.

ஆவி போகணும்னு ஊர்ல எல்லாரும் ஆசைப்பட்டாங்கன்னு எழுதாதீங்க. சயாமுக்கு ஆள் கொடுத்த வீடு ஒவ்வொண்ணும் அவன்கிட்ட வரும். "எங்க அப்பாவும் அங்கதான் இருந்தாரு, அவரைப் பார்த்தியா?"ன்னு கேட்கும். அவன் குணமாகிறது பாதி ஊருக்கு நஷ்டம்.

தாயக்கட்டை | #8

மாய விதியைப் பத்தி யாரும் பேசல, அதைக் கொஞ்சம்.

மிச்சம் நிறைய கிடைச்சா எல்லாத்தையும் உள்ள போடத் தோணும், போடாதீங்க. மூணு போதும். ஒண்ணு தானாத் தேயுறது, ஒண்ணு தேயாதது, ஒண்ணு பயன்படுத்தப் பயன்படுத்த வளர்றது. முடி தேயுற வகை (நாலு மாசத்துல வளர்ந்துடும்). நேரம் தேயாத வகை. மூணாவதுலதான் கதை ஓடும்.

அந்த மூணாவதுக்கு விலை வைங்க, விலை பையனோட சொந்தப் பொருளா இருக்கணும். தலைவலி, மூக்குல ரத்தம் எல்லாம் விலை இல்ல, மறுநாள் சரியாயிடும். மாரிமுத்து கையை ஒரு தடவை அவன் பயன்படுத்தினா அவன் கையில இருந்து ஒரு பழக்கம் போகுது. கோலி அடிக்கிற குறி, கையெழுத்து, தங்கச்சிக்குப் பின்னல் போடுற பக்குவம். முதல்ல போறது அவனுக்கே தெரியாத சின்னதா இருக்கட்டும். படிக்கிறவங்க அவனுக்கு முன்னாடி கண்டுபிடிக்கணும்.

இன்னொண்ணு, விதியை யாரும் வாயால விளக்கக் கூடாது. பூசாரிக்கும் முழுசாத் தெரியக் கூடாது.

செம்பனை | #9

எல்லாரும் ரொம்ப மென்மையாப் போறீங்க. ஃபேண்டசின்னா எதிரி வேணும். பெலேசித்தைக் கொண்டு வாங்க, இல்லைன்னா சாகா. ஆவி திரும்பி வந்து "என் வாரிசு நீ"ன்னு கேட்கட்டும்.

உடுக்கை | #10

சாகா வேற கணக்கு தம்பி. மலாய்க்காரங்க நம்பிக்கையில அது பரம்பரைச் சொத்து மாதிரி. வச்சிருந்தவர் சாகும்போது இன்னொருத்தர் ஏத்துக்கணும், இல்லைன்னா உயிர் லேசுல பிரியாதும்பாங்க. பெலேசித் வெட்டுக்கிளி உருவத்துல வரும், எசமான் ஊட்டி வளர்க்கிறது. ரெண்டும் வச்சிருக்கிறவன், ஏவுறவன்னு ஒருத்தன் இருக்கிற முறை. மாரிமுத்துவை யாரும் ஏவல. அகால மரணம், கருமாதி நடக்காத சாவு, அதனால அலைஞ்சவர். ரெண்டையும் கலந்தா ரெண்டும் கெட்டுப்போகும்.

பொம்மோ (மலாய் மந்திரவாதி) ஒருத்தர் கதையில வரலாம், 1978ல தமிழ்க் குடும்பம் பொம்மோவைப் பார்க்கப் போறது சாதாரணம். வந்தா அவர் முறையில பார்த்துட்டு "இது என் கைக்கு வர்றது இல்ல, உங்க ஆளு, உங்க கோயிலுக்குப் போங்க"ன்னு சொல்லி அனுப்புற மாதிரி எழுதுங்க.

வெட்டுமரம் | #11

தாயக்கட்டை சொன்ன மூணாவது மிச்சம் பால்வெட்டுதான். தொழில் விவரம் சரியா இருந்தா அதுலயே எதிரியும் இருக்கு, தனியா வேண்டாம்.

மாரிமுத்து வெட்டினது போருக்கு முந்தின விதைமரம் (விதையில முளைச்சது). பட்டை தடிப்பு. 1978ல சேதுவோட அம்மா நிரையில (அவங்க வெட்டுற மர வரிசை) நிக்கிறது ஒட்டுமரம் (ஒட்டுக் கட்டி வளர்த்தது), ஆர்ஆர்ஐஎம் 600 ரகம்னு வைங்க. பட்டை மெல்லிசு. விதைமரத்துக்கு வெட்டுச் சரிவு 25 பாகை, ஒட்டுமரத்துக்கு 30. ரெண்டுலயும் இடது மேல இருந்து வலது கீழதான் வெட்டு, ஏன்னா பால் குழாய் பட்டைக்குள்ள எதிர்ப்பக்கமா லேசாச் சாஞ்சு ஏறுது, இப்படி வெட்டினாத்தான் நிறையக் குழாய் அறுபடும்.

இப்ப லீவு நாள். அம்மாவுக்குக் காய்ச்சல். ஒட்டுப்பால் (வெட்டுல உறைஞ்ச பால்) எடுக்கக் கூட வந்த சேது கத்தியைக் கையில வாங்குறான். கத்தி பிடிக்கத் தெரியாத பையன் ஒரே இழுப்புல சீவுறான், சீவல் அறுபடாம நாடா மாதிரி வருது. பின்னங்கால் மரத்தைச் சுத்தி நகருது, நிமிரவே இல்ல. பார்க்கிறவங்க அசந்து போவாங்க. இருபது மரம் போன பிறகுதான் கோளாறு தெரியும். சரிவு 25 பாகை. பால் காலுவாயில ஓடாம விளிம்பு தாண்டி பட்டையில வழியுது, மங்குக்கு (பால் பிடிக்கிற கிண்ணம்) பாதிதான் விழுது. அதை விட மோசம் ஆழம். தடிப்புப் பட்டைக்குப் பழகின கை, மெல்லிசுப் பட்டையில உள்சவ்வு வரைக்கும் போயிடும். சவ்வுக்கும் வெட்டுக்கும் நடுவுல சுமார் 1 மில்லிமீட்டர் விடணும். தொட்டாச்சுன்னா காயம். மரம் சாகாது, ஆனா அந்த இடத்துல புதுப்பட்டை முடிச்சு முடிச்சா வளரும், சில வருஷம் கழிச்சு அதே பக்கத்துக்குக் கத்தி திரும்பி வரும்போது சீவ முடியாது.

மண்டோர் (வேலையை மேற்பார்க்கிறவர்) காயத்தை எண்ணுவாரு. திட்டு அம்மாவுக்கு. செத்துப்போன நல்ல தொழிலாளியோட கை உசிரோட இருக்கிற ஒரு தொழிலாளியோட பேரைக் கெடுக்குது. இதுக்கு மேல என்ன எதிரி வேணும்?

சேதுவுக்கு இதை எப்படித் தாண்டணும்னா, கையை மறக்க முடியாது, 30 பாகைக்குத் திருத்திப் பழகணும். வெட்டு அடையாளம் போடத் தகரப் பலகை இருக்கும், அதை வச்சு ஒவ்வொரு மரத்துலயும் கோடு போட்டு, அம்மா பக்கத்துல நின்னு, மெதுவா. ஒரு அத்தியாயம் முழுக்கத் தரலாம். வேகம் போயிடும், அது நல்லதுக்குத்தான்.

வெள்ளிமணி | #12

வெட்டுமரம் எழுதியதைப் படித்துவிட்டு என் முதல் பதிவை இன்னும் அழுத்தமாகச் சொல்லத் தோன்றுகிறது. வயது பற்றி மட்டும் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

1976இல் கலிபோர்னியாவின் சௌச்சில்லாவில் பள்ளிப் பேருந்தோடு 26 பிள்ளைகளைக் கடத்தி மண்ணுக்குள் புதைத்த வண்டியில் அடைத்தார்கள். அனைவரும் தப்பி வந்தார்கள். லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். அவர் கண்டவற்றில் இரண்டு உங்களுக்கு உதவும்.

ஒன்று, பிள்ளைகள் பின்னோக்கிச் சகுனம் கண்டுபிடிக்கிறார்கள். "அன்று காலையில் இப்படி ஒன்று நடந்தது, அதைக் கவனித்திருந்தால் தப்பியிருப்பேன்" என்று உறுதியாக நம்புகிறார்கள். சேதுவும் அப்படி ஒன்றைப் பிடித்துக்கொள்வான். முனீஸ்வரன் கோயிலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றாதது, பால்மரக் காட்டில் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்தது. பெரியவர்கள் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்றால் விடமாட்டான். காரணம் தன் கையில் இருந்தது என்று நினைப்பது, காரணமே இல்லை என்பதைவிட அவனுக்குத் தாங்கக்கூடியது. சகுனம் நிஜமாகவே வேலை செய்யும் உலகத்தில் இது இன்னும் கூர்மையாகும். அவன் நினைப்பது சரியா தவறா என்று நீங்களும் சொல்லாதீர்கள்.

இரண்டு, விளையாட்டு. நடந்ததை மகிழ்ச்சியே இல்லாமல் திரும்பத் திரும்ப விளையாடுவார்கள். லயத்துப் பிள்ளைகள் பேயோட்டி விளையாடுவார்கள், அதில் வியப்பில்லை. சேது அதில் எப்போதும் பூசாரி வேடம்தான் கேட்பான். ஆவியாக நடிக்கச் சொன்னால் வீட்டுக்குப் போய்விடுவான்.

தூக்கத்தைப் பற்றி (அலறல் வேண்டாம் என்றீர்கள், இந்த ஒரு வகையை மட்டும் யோசித்துப் பாருங்கள்): இரவின் முற்பகுதியில் கண் திறந்து அலறி, அம்மாவையே அடையாளம் தெரியாமல், காலையில் எதுவும் நினைவில்லாமல் எழுவது ஒரு வகை. பின்னிரவில் வந்து நினைவில் நிற்கும் கெட்ட கனவு வேறு வகை. சேதுவுக்கு முதல் வகையைக் கொடுங்கள். அவனுக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்த தங்கைக்குத் தெரியும். விடியுமுன் பிரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) போக எழ வேண்டிய அம்மாவுக்கு அது எத்தனை மணி நேரத் தூக்கத்தைத் தின்னுகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். அம்மா பொறுமை இழப்பது கொடுமையால் அல்ல, தூக்கமின்மையால்.

பிரட்டுக்களம் | #13

டீச்சர் பிரட்டுன்னதும் ஒண்ணு. முகாம்ல வரிசையா நிக்க வச்சு ஆள் கணக்கு ஜப்பான் பாஷையில எண்ணச் சொல்வான்: இச்சி, நி, சான், ஷி. பள்ளிக்கூடத்துல பேரு கூப்பிடும்போது சேது "உள்ளேன் ஐயா"ன்னு சரியாத்தான் சொல்வான், ஏன்னா அங்க பேரு. உடற்பயிற்சி வகுப்புல வாத்தியார் "வரிசையா எண்ணுங்க"ன்னு சொல்லும்போதுதான் வரும். அவன் நாலாவது ஆள். "ஷி"ன்னுடுவான். பசங்க சிரிப்பாங்க, அவனுக்கும் சிரிப்பு வரும். 50 வயசு தாண்டின தோட்டக்காரப் பெரியவர் ஒருத்தர் வேலியோரம் புல் வெட்டிக்கிட்டு இருக்காரு. அவர் மட்டும் அரிவாளைக் கீழே போட்டுட்டு நேரா நிமிர்ந்து நிப்பாரு. அவரும் சயாம் போய்த் திரும்பினவர்.

அவரை ஒரு அத்தியாயத்துக்கு மேல பயன்படுத்தலாம். சேதுகிட்ட எதுவும் கேட்காத ஒரே ஆள் அவரா இருக்கட்டும், அவருக்குப் பதில் தெரியும்.

மங்குதுடைச்சான் | #14

நன்றி, எல்லாருக்கும். தகரப் பலகை அத்தியாயம், திருப்பி அனுப்பின தட்டு, வேலியோரப் பெரியவர் மூணையும் எடுத்துக்கிறேன். மூங்கிலை விடுறேன், தாயக்கட்டை சொன்ன மாதிரி கூட்டம் அதிகமாயிடும். தண்ணியை வச்சுக்கணும்னு ஆசை, முடி, நேரம், பால்வெட்டுன்னு இருக்கிற மூணு மிச்சத்தோட நாலாப் போகுதேன்னு பார்க்கிறேன்.

இன்னும் ஒரு கேள்வி. கதை எந்த மாசத்துல முடியணும்?

தாயக்கட்டை | #15

தண்ணியைத் தேயுற வகையில போட்டு முடிக்குப் பதிலா வைங்க. முடி வெளியில இருந்து தெரியுற அடையாளம்தான், மிச்சமா எண்ண வேண்டாம்.

வெள்ளிமணி | #16

டிசம்பரில். அந்தக் காலத்தில் ஆறாம் வகுப்பு முடிந்ததும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் முதலில் புதுமுக வகுப்புக்கு (மலாய் மொழிக்குப் பழக்கும் ஓராண்டு வகுப்பு) போவார்கள். டவுன் பள்ளி, பஸ்ஸில் போகவேண்டும், மலாய், சீனப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆவி வந்த கதை அங்கே யாருக்கும் தெரியாது. ஆடி மாதம் விலக்கியிருந்தால் டிசம்பருக்குள் உச்சிமுடியும் வளர்ந்துவிடும். அதே தோட்டத்திலிருந்து இன்னும் எத்தனை பிள்ளைகள் அந்த வகுப்புக்கு வருகிறார்கள் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஒருவர் வந்தாலும் முதல் நாள் காலையிலேயே செய்தி பஸ்ஸில் பரவிவிடும்.

வெட்டுமரம் | #17

பரவட்டும், ஆனா அந்த ஒருத்தர் மண்டோர் மகளா இருக்கட்டும். காயம் எண்ணின கணக்கு அவளுக்கும் தெரியும்.